வெளுத்த டயலும் பொய்க்கும் முள்ளும்

புணேயில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சீர்ப்படுத்த இறங்கியவர்கள் இரண்டு இடங்களைத் தவிர்க்க முடியாது. ஒன்று, இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் நானா பேட். இன்னொன்று, மங்கள்வார் பேட்டில் ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜார். நம் ஊர்க் காயலான் கடைகளைத் தெருவில் பரப்பி வைத்தது போன்ற சந்தை அது. ஜாவா, யெஸ்டி, புல்லட், ராஜ்தூத் என்று எந்த வண்டியானாலும், எஞ்சினையும் பெயின்டையும் முடித்த கையோடு உரிமையாளரின் பார்வை மீட்டரில் வந்து நிற்கும். கறுப்பு டயல் சாம்பல் பூத்திருக்கும். சிவப்பு முள் வெளிறிப்போயிருக்கும். கண்ணாடி பழுத்திருக்கும். ‘மீட்டரைப் புதுசாக்க வேண்டும்’ என்று அவர் சொன்னால், பெரும்பாலும் அவர் கேட்பது புதிய முகம். பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடிப்பார்கள், அல்லது அச்சடித்த ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டுவார்கள். முள்ளுக்கு ஒரு கோட் சிவப்பு, அத்தோடு வேலை முடிந்தது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். டயல் வெளுப்பதற்கும் முள் தவறாகக் காட்டுவதற்கும் காரணங்கள் வேறு. முகத்தை மட்டும் புதுப்பித்தால், பொய் சொல்லும் கருவிக்கு நம்பத்தகுந்த தோற்றம் வந்துவிடுகிறது. முகத்தைப் புதுப்பிக்கும் வேலையே கருவியைக் கெடுப்பதும் உண்டு.

முதலில் வெளுப்பு. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள சாய மூலக்கூறுகள் நீல, பச்சை ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவது. விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வெளியேறிவிடும். எப்போதாவது ஒருமுறை அந்த ஆற்றல் மூலக்கூறிலுள்ள ஒரு பிணைப்பையே அறுத்துவிடும், அல்லது பக்கத்திலுள்ள ஆக்சிஜனோடு அதை வினைபுரிய வைக்கும். அந்த மூலக்கூறு அதோடு நிறமற்றதாகிவிடுகிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளுக்கு ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் அதுதான் வெளுப்பு. இதற்குப் பின்வழி கிடையாது. அறுந்த மூலக்கூறை எந்தப் பாலிஷும் எந்த ரசாயனமும் ஒட்டவைக்காது. மங்கிய டயலுக்கு ‘நிறத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று யார் சொன்னாலும், அவர் செய்யப்போவது பழையதன் மேல் புதிதாக வண்ணம் பூசுவதுதான். அப்படியானால் கேள்வி வேறாகிறது: எதன்மேல் பூசுகிறோம், பூசுவதால் எதை இழக்கிறோம்?

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் சாவதில்லை. நம் ஊர்ச் சுவர்களில் மாதக்கணக்கில் வெயில் காயும் சினிமா போஸ்டரைப் பார்த்தாலே தெரியும். கதாநாயகனின் முகம் நீலமாகிவிடும். மஞ்சளும் சிவப்பும் போய், தாலோசயனின் வகையைச் சேர்ந்த நீல நிறமி மட்டும் மிஞ்சுவதால் வரும் மாற்றம் அது. மீட்டரிலும் இதே கதைதான். கறுப்புக்குப் பயன்படும் கார்பன் ஏறத்தாழ அழிவற்றது. வெள்ளைக்குப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு நிறம் மாறாது. ஆனால் புற ஊதா ஒளி படும்போது தன்னைச் சுற்றியுள்ள பிசினைச் சிதைக்கத் துணைபோகும். விரலால் தடவினால் வெள்ளை எழுத்து மாவாக உதிர்வது அதனால்தான். மிக விரைவில் போவது முள்ளின் ஆரஞ்சுச் சிவப்பு. பளீரென்று தெரிவதற்காக ஒளிர்வகைச் சாயத்தைப் பிசினில் கரைத்துச் செய்யப்படும் வண்ணம் அது. புற ஊதாவை விழுங்கி ஆரஞ்சாக உமிழ்வதே அதன் தொழில் என்பதால், ஒவ்வொரு நாளும் அது தன் சாவை நோக்கி வேலை செய்கிறது. ஆக, முள் வெளிறி டயல் கறுப்பாகவே நிற்கும் மீட்டரைப் பார்த்து ‘முள்ளை மாற்றிவிட்டார்கள்’ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. அருங்காட்சியகங்கள் இதை லக்ஸ் மணிக் கணக்கில் அளக்கின்றன. எளிதில் வெளுக்கும் துணி, தாள் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அவர்கள் வழக்கம். நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். கணக்குப் போட்டால், தெருவோரத்தில் ஒரு மணி நேரம் நிற்கும் மீட்டர் வாங்கும் ஒளியை அருங்காட்சியகப் பொருள் வாங்க 2,000 மணி நேரம் ஆகும். வெயிலில் புற ஊதா கூடுதல் என்பதால் உண்மை நிலவரம் இதைவிடக் கடுமை. புணே 18.5 டிகிரி வட அட்சத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே நடுவில் ஒருமுறையும் ஜூலைக் கடைசியில் ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். ஜூலையில் மேகம் மறைத்துவிடும், மேயில் மறைக்க எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள் மீட்டரோ வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும் கருவி. காரின் டாஷ்போர்டுக்குக் கூரையாவது உண்டு. மீட்டர் கண்ணாடி, புற ஊதாவின் கொடிய பகுதியை வடிகட்டிவிட்டாலும், அதன் நீண்ட அலைப் பகுதியை உள்ளே விடுகிறது. உள்ளே வந்த வெப்பம் வெளியேறாமல் தங்கி வேதிவினைகளை முடுக்குகிறது.

மங்கலாகத் தெரிவதெல்லாம் வெளுப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய மீட்டரைத் திறந்தவுடன் செய்ய வேண்டியது, பார்வையை மறைப்பது எது என்று பிரித்தறிவது. கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் ஆவி படிந்த படலமாக இருக்கலாம். பாலிகார்பனேட் மூடியாக இருந்தால் பிளாஸ்டிக்கே மஞ்சளித்திருக்கலாம். அக்ரிலிக் அவ்வளவாக மஞ்சளிக்காது, ஆனால் பெட்ரோலோ தின்னரோ பட்டால் நுண்விரிசல் விழுந்து பனி மூடியதுபோல் ஆகிவிடும். மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கும்: ஓடிச் சூடான மீட்டர் மேல் மழை பெய்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் டயலின் அலுமினியத் தகட்டைப் பூச்சுக்கு அடியிலேயே அரித்துக் கொப்புளமாக்கும். இவற்றில் முதல் மூன்றும் மூடியை மாற்றினாலோ துடைத்தாலோ தீர்ந்துவிடும். டயலின் பாதி மங்கல் கண்ணாடியின் மங்கல்தான் என்று அப்போது தெரியவரும். மீட்டரின் அடியிலுள்ள சிறு துளையை அழுக்கு என்று நினைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஈரம் வெளியேற வைத்த வழி அது. அதை அடைத்துவிட்டு, கண்ணாடி ஏன் வியர்க்கிறது என்று கேட்பதில் பயனில்லை.

இனி முள்ளுக்கு வருவோம். 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட வேகமானிதான், இந்திய வண்டிகளிலும் மின்னணு மீட்டர் வரும்வரை ஆட்சி செய்தது. அமைப்பு எளிது. சக்கரத்திலிருந்தோ கியர்ப்பெட்டியிலிருந்தோ ஒரு மீட்டர் கேபிள் ஓடி வந்து உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, கிண்ணத்தைக் காந்தத்தோடு சேர்த்து இழுக்கும். கிண்ணம் முழுதாகச் சுற்றிவிடாமல் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஒரு ஹேர்ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகம் கூடினால் இழுப்பு அதே விகிதத்தில் கூடும் என்பதால்தான் டயலில் எண்களைச் சம இடைவெளியில் அச்சிட முடிகிறது. பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை, கிண்ணமும் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. அதனால்தான் இது அரை நூற்றாண்டு ஓடுகிறது. அதனாலேயே இது கெட்டாலும் வெளியே தெரிவதில்லை.

கெடும் விதம் மூன்று. முதலாவது காந்தம். இழுப்பு விசை காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். காந்தம் பத்து சதவீதம் வலுவிழந்தால் இழுப்பு 19 சதவீதம் குறையும். உண்மையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 65ஐக் காட்டும். அதிர்ச்சியும் வெப்பமும் பழைய காந்தங்களை இப்படித்தான் தேய்க்கின்றன. இரண்டாவது வெப்பநிலை. அலுமினியத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். டிசம்பர்க் காலையின் 10 டிகிரியிலிருந்து மே மதியத்தில் மீட்டருக்குள் எட்டக்கூடிய 60 டிகிரி வரை போனால், அதே வேகத்தில் இழுப்பு ஏறத்தாழ 16 சதவீதம் குறைய வேண்டும். அப்படிக் குறையாமல் இருக்க, காந்தத்தை ஒட்டி நிக்கல்-இரும்புக் கலவையில் ஒரு சிறு தகடு வைப்பார்கள். குளிரில் அது காந்தப்புலத்தின் ஒரு பங்கைத் தன் வழியே திருப்பிவிடும், சூடானால் அந்தப் பங்கைக் கிண்ணத்துக்கே விட்டுக்கொடுக்கும். ‘இது எதற்கு’ என்று ஒருவர் அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டால், அந்த மீட்டர் பருவத்துக்கு ஒரு வேகம் சொல்லும். மூன்றாவது, எல்லோரும் செய்யும் தவறு: கேபிளுக்கு அளவுக்கு மீறி கிரீஸ் போடுவது. சுழலும் கேபிளின் வழியே கிரீஸ் மேலே ஏறி, கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் புகுந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு முள் எகிறும். 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் வகைக்குக் கோளாறு வேறு. அது ஒரு கடிகார அமைப்பைக் கொண்டு, குறிப்பிட்ட இடைவெளிக்குள் எத்தனை சுற்று என்று எண்ணிப் படிப்படியாக முள்ளை நகர்த்தும். எண்ணெய் காய்ந்து கடிகாரம் மெதுவானால் இடைவெளி நீளும், சுற்றுகள் அதிகம் எண்ணப்படும், முள் கூடுதலாகக் காட்டும்.

இந்த மூன்றில் எதையும் டயலின் நிறம் சொல்வதில்லை. ஒளி காந்தத்தை எட்டுவதில்லை. கிரீஸுக்குச் சாயத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஒரு மெல்லிய தொடர்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடுமையாக வெளுத்த மீட்டர் நெடுங்காலம் வெயிலில் கிடந்தது என்பதால், அதன் உள்ளேயும் வெப்பம் வேலை செய்திருக்க வாய்ப்பு கூடுதல். எண்ணெய் காய்ந்திருக்கலாம், காந்தம் தளர்ந்திருக்கலாம். ஆனால் இது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. உள்ளே பார் என்று எச்சரிக்கும் ஒரே வெளி அடையாளம் அந்த வெளுப்புதான். அதை முதலில் அழித்துவிட்டு உள்ளே பார்க்காமல் விடுவது, காய்ச்சலைப் பார்க்காமல் வெப்பமானியைத் துடைத்து வைக்கிற வேலை. வேகமானிகள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், ஒருபோதும் குறைவாகக் காட்டக்கூடாது என்பது ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 உட்பட உலக நடைமுறையின் அடிப்படை. தேய்ந்த காந்தம் தவறும் திசை சரியாக அந்தக் கூடாத திசை. புணேயிலேயே வேதாள் குன்றில், 1966இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், ஏ.ஆர்.ஏ.ஐ., புதிய வண்டிகளைச் சோதிக்கிறது. அதன் நிழலில் ஓடும் பழைய வண்டிகளின் மீட்டரை யாரும் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது.

முகவேலை கருவியைக் கெடுக்கிறது என்று சொன்னேன். டயலை எடுக்க முதலில் முள்ளைப் பிடுங்க வேண்டும். முள், மிக மெல்லிய ஓர் அச்சில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். அதைக் கோணலாக இழுத்தால் அச்சு வளையும் அல்லது ஹேர்ஸ்பிரிங் மடங்கும். சரியாகவே எடுத்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பல மீட்டர்களில் முள் சும்மா இருக்கும்போது ஒரு சிறு ஆணியில் சாய்ந்து நிற்கும். ஆணி இல்லாவிட்டால் அது பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்கக்கூடியது. ஸ்பிரிங்குக்குத் தரப்பட்ட முன்னிறுக்கம் அது. முள்ளைப் பிடுங்குவதற்கு முன், ஆணியைத் தாண்ட விட்டு, அது இயல்பாக எங்கே ஓய்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் திரும்ப மாட்டினால், எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிழை ஏறிக்கொள்ளும். பூஜ்யத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆணி அந்தப் பொய்யைக் காப்பாற்றும். முள்ளின் மேல் தடிமனாக வண்ணம் பூசினால் அதன் வாலிலுள்ள எதிர்எடை போதாமல், வண்டி சாயும்போது முள்ளும் சாயும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மடித்த வளையத்தை ஒரே இடத்தில் நெம்பினால் அது கிழிந்துவிடும். சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்த்த வேண்டும். அழகுக்காகத் திறந்த மீட்டர் அளவு தவறி மூடப்படுவது இப்படித்தான்.

டயலில் பெரிய எண்களை மட்டும் பார்க்கிறவர்கள் கவனிக்காத இன்னொரு எண் உண்டு. ஸ்மித்ஸ் மீட்டர்களின் முகத்தில், கீழே, சிறிய எழுத்தில் 1000 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதற்கான எண் அது. 1600 வகை மீட்டரை 1000 சுற்று தரும் வண்டியில் மாட்டினால், 80இல் போகும்போது முள் 50ஐக் காட்டும். பழைய டயலைச் சுரண்டி, எங்கிருந்தோ எடுத்த படத்தை வைத்துப் புதிதாக அச்சடிக்கும்போது இந்தச் சிறிய எண் காணாமல் போகிறது. அல்லது தவறான எண் அழகாக அச்சாகிறது. பிறகு அந்த மீட்டர் எந்த வண்டிக்கு உரியது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதைச் சுழற்றிப் பார்ப்பது. மைல் கணக்கும் இதே போன்ற வலை. இந்தியா 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பின்தான் மெட்ரிக் முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய வண்டிகளின் மீட்டர்கள் மைலில் பேசின. அவற்றுக்குக் கிலோமீட்டர் டயலை ஒட்டினால், மேலே முள் கிலோமீட்டர் என்று சொல்லும், கீழே ஓடிய தூரத்தின் பற்சக்கரங்கள் தம் பாட்டுக்கு மைலையே எண்ணிக்கொண்டிருக்கும். ‘புதுசாக்கிய’ மீட்டரில் ஓடிய தூரத்தைப் பூஜ்யமாக்கித் தருவதையும் ஒரு சேவை போலச் செய்கிறார்கள். ஐம்பது வயது வண்டிக்கு அந்த ஐந்து பூஜ்யங்கள் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

என் வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: படிக்கவே முடியாத மீட்டர் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன? இது நியாயம். தெரிவதும் கருவியின் வேலைதான். எனவே முள்ளுக்கு வண்ணம் பூசுவதை நான் எதிர்க்கவில்லை. முள்ளும் பின்னணியும் வேறுபட்டுத் தெரிந்தால்தான் ஒரு கணப் பார்வையில் வேகம் மனதில் படும், முள்ளின் பூச்சை நாளை வேறொருவர் அகற்றவும் முடியும். மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும், அவ்வளவே. டயலில் உதிர்ந்துபோன கோடுகளையும் எண்களையும் மட்டும் நுண்தூரிகையால் நிரப்புவதும் ஏற்கத்தக்கது. ஓவியப் பாதுகாப்பில் நெடுங்காலமாக உள்ள நெறி அது: இழந்த இடத்தை நிரப்பு, இருக்கும் இடத்தைத் தொடாதே. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்றால், இருக்கையில் உட்கார்ந்து, அந்தி வெளிச்சத்தில், கை நீளத் தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். கண்ணாடியை மாற்றி, டயலைக் காய்ச்சி வடித்த நீர் தொட்ட பஞ்சால் ஒற்றியெடுத்த பின் இந்தச் சோதனையைச் செய்தால், முழு மறுபூச்சு தேவைப்படும் டயல்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்பிரிட்டும் தின்னரும் பழைய அச்சு மையையே கரைத்துவிடும் என்பதால் அவற்றைக் கிட்டே சேர்க்கக் கூடாது. அக்ரிலிக் மூடிக்கும் அவை ஆகாது.

இன்னொரு மறுப்பு, ‘வேகம் பார்க்கப் போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, மீட்டர் வெறும் அலங்காரம்’ என்பது. அப்படியானால் முள்ளைக் கட்டி வைத்துவிடலாம். நகரும் முள் ஒன்று கண்முன் இருந்தால், அதை நம்பாமல் ஓட்ட யாராலும் முடியாது. ஆனால் அந்த ஜிபிஎஸ்ஸை வேறு விதத்தில் நான் வரவேற்கிறேன். மீட்டரைச் சோதிக்க அதைவிட மலிவான கருவி முன்பு இருந்ததில்லை. சமதளமான நேர்ச்சாலையில் முள்ளை 40, 50, 60இல் மாற்றி மாற்றி நிலையாகப் பிடித்து, பின்னால் அமர்ந்தவர் போனைப் படித்துக் குறித்தால் போதும். எல்லா வேகத்திலும் ஒரே எண்ணிக்கையில் பிழை வந்தால் முள் தவறி மாட்டப்பட்டிருக்கிறது. வேகம் கூடக் கூட அதே சதவீதத்தில் பிழையும் கூடினால், காந்தத்தையோ ஸ்பிரிங்கையோ பற்சக்கர விகிதத்தையோ பார்க்க வேண்டும். முள் நடுங்கினால் கேபிள் வளைந்திருக்கிறது. முன்சக்கரத்திலிருந்து மீட்டர் ஓடும் வண்டியில் 3.25 அங்குல டயருக்குப் பதில் 3.50 போட்டிருந்தால் ஓரிரு சதவீதம் அதற்கே போய்விடும். புணேக்காரர்கள் இதற்குப் பழைய மும்பை சாலையைத்தான் நாட வேண்டும். விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது மறுப்பு உணர்வு சார்ந்தது. தொழிற்சாலை அந்த மீட்டரைப் பளபளப்பாகத்தானே தந்தது, வெளுப்பை வடிவமைப்பாளர் கேட்டாரா, பழைய பொலிவைத் தருவதுதானே அவருக்குச் செய்யும் மரியாதை? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய பொலிவு எது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலான மறுபதிப்பு டயல்கள் வேறொரு வெளுத்த டயலைப் பார்த்தோ, வெளுத்த வண்ணப்படத்தைப் பார்த்தோ செய்யப்பட்டவை. மைசூரில் 1961 முதல் 1996 வரை ஐடியல் ஜாவா செய்த வண்டிகளானாலும், திருவொற்றியூரில் செய்த புல்லட்டானாலும், 1970களில் கோவையில் தொடங்கி வளர்ந்த பிரிக்கால் போன்ற நிறுவனங்களின் மீட்டர் பூட்டிய வண்டிகளானாலும், உண்மை நிறத்துக்கான சாட்சி ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கண்ணாடி வளையத்துக்கு அடியில் ஒளியே படாமல் ஒளிந்திருக்கும், ஓரிரு மில்லிமீட்டர் அகல விளிம்பில். மீட்டரைத் திறந்ததும் அதை நிற அட்டை ஒன்றின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்பவருக்கு உண்மையான நிறம் கையில் கிடைக்கும். உப்புத்தாள் முதலில் தின்பது அந்த விளிம்பைத்தான். இன்க்ஜெட்டில் அச்சடித்த ஸ்டிக்கரோ, சாய மை கொண்டது என்றால், தொழிற்சாலையின் திரை அச்சைவிட வேகமாக வெளுக்கும். நிறமி மையில் திரை அச்சாகச் செய்தால் மட்டுமே அது ஓரளவு நிற்கும்.

சட்டத்தின் துணையையும் சிலர் தேடுகிறார்கள். 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து மூல வடிவில் உள்ள வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியவும், எண்பலகையில் விஏ என்ற எழுத்துகளைத் தாங்கவும் வழி செய்தது. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கிறது அது. டயல் சமாச்சாரத்தில் அது யாருக்கும் சாட்சி சொல்லாது.

டயலைச் சுரண்டுவதை ஒரேயடியாக மறுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ மோட்டார் சைக்கிள்கள் பின்னாளில் உபரிப் பொருளாக இந்தியச் சந்தைக்கு வந்தன. அக்காலத்து மீட்டர்கள் சிலவற்றின் எண்களிலும் முள்ளிலும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு உண்டு. ரேடியம் உமிழும் ஆல்பாத் துகள்கள் துத்தநாக சல்ஃபைடு படிகத்தில் மோதி ஒளி எழுப்பும். சில பத்தாண்டுகளில் அந்த மோதலே படிகத்தைச் சிதைத்துவிடும், ஒளி நின்றுவிடும். ஆனால் ரேடியம்-226இன் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். ஒளிராத, பழுப்பேறிய, பொரிந்த அந்த எழுத்து வெளுத்துப்போன சாதாரண எழுத்தைப் போலவே தெரியும். அதை உப்புத்தாளால் தேய்ப்பவர் நுரையீரலுக்குள் ஆல்பா மூலத்தை அனுப்புகிறார். 1910களிலும் 20களிலும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார டயல்களுக்கு இந்தப் பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள் பலர், தூரிகை முனையை உதட்டால் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். (எண்பலகைக்கு ஸ்டிக்கர் வெட்டும் நம் ஊர் ‘ரேடியம்’ கடைகளில் ரேடியம் ஒரு துளியும் இல்லை, அந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.) போர்க்கால மீட்டரில் தடித்த, மஞ்சள் பழுப்பு நிற எழுத்து இருந்தால் வளையத்தைத் திறக்காமல், கதிர்வீச்சுக் கருவி உள்ளவர்களிடம் காட்டிய பிறகே அடுத்த முடிவு.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய டயல்தான் வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்தால், அது அவர் வண்டி, அவர் உரிமை. அப்போதும் இரண்டு வேலை செய்யலாம். பழைய டயலைச் சுரண்டாமல், மறுபதிப்பைத் தனித் தகட்டில் அடித்து மாட்டச் சொல்லலாம். கழற்றிய பழையதை வெளிச்சம் படாத உறையில் இட்டு, அதன்மேல் சேஸிஸ் எண்ணையும், கழற்றிய அன்று ஓடியிருந்த கிலோமீட்டரையும், அந்தச் சிறிய சுற்று எண்ணையும் எழுதி ஆர்சி புத்தகத்தோடு வைக்கலாம். புதிய முகம் மாட்டிய மீட்டரை வெயிலில் நிறுத்தும்போது மேலே ஒரு தடித்த துணியைப் போட்டு மூடுவது நல்லது. ஒரு மே மாதத்தை அது மிச்சப்படுத்தும்.